இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலின்கிராட்டில் சோவியத் படையிடம் சரணடைந்த ஜெர்மானியர் பவுலஸ் திறமையில்லாத தளபதியா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அவருடையது மேஜைத் திறமை. சோவியத் யூனியன் மீதான ஜெர்மனியின் படையெடுப்புத் திட்டத்தைத் தீட்டியவர்களில் பிரெடரிக் பவுலஸும் ஒருவர். போரில் ஒரு டிவிஷனைக்கூட நடத்தாதவர் கையில் 1942 ஜனவரியில் 6-வது ராணுவமே வந்து சேர்ந்தது. மே மாதம் உக்ரைனின் கார்கோவில் சோவியத் தாக்குதலைச் சமாளித்துவிட்டார்.

நவம்பர் 23 அன்று ஸ்டாலின்கிராட்டில் அவருடைய ராணுவத்தைச் சுற்றி சோவியத் முற்றுகை இறுகியது. உடைத்துக்கொண்டு வெளியேற அனுமதி கேட்டார். ஹிட்லர் மறுத்தார், இவரும் மீறவில்லை. என்னைக் கேட்டால், கோட்டை விட்டது அங்கேதான்.

1943 ஜனவரி இறுதியில் ராணுவத்தின் உச்சப் பதவியான ஃபீல்ட் மார்ஷல் பட்டம் வந்தது. ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷல் எவரும் அதுவரை சரணடைந்ததில்லை. ‘செத்துப்போ’ என்பதைத்தான் ஹிட்லர் நாசூக்காகச் சொன்னார். பவுலஸ் சாகவில்லை. ஜனவரி 31 அன்று ஒரு பல்பொருள் அங்காடியின் நிலவறையில் பிடிபட்டார். 1946-ல் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் சோவியத் தரப்புச் சாட்சியாகவே வந்து நின்றார்.