பெண்கள் செய்யுற குழந்தை பாலியல் வன்கொடுமை ஏன் யார் கண்ணுலயும் படமாட்டேங்குது?

குழந்தை பாலியல் வன்கொடுமைன்னா, குழந்தையோட நம்பிக்கையையும் பலவீனத்தையும் பயன்படுத்தி பாலியல் ரீதியா உடம்பாலயோ மனசாலயோ காயப்படுத்துறது, செய்யுறது ஆணா பெண்ணாங்கறது இந்த அர்த்தத்துலயே கிடையாது. ஆனா நம்ம மனசுல பொம்பளைன்னாலே தாய், பாதுகாப்புன்னு பதிஞ்சிருக்கு. குளிப்பாட்டுறது, டயப்பர் மாத்துறது எல்லாம் அவங்க வேலைன்னு விட்டுடறதால தப்பான தொடுதலும் பராமரிப்பு மாதிரியே தெரியும். வீட்டுல நகை காணாம போனா தெருவுல போனவனைத் தேடுவோமே தவிர சாவி வச்சிருக்கறவங்களை யோசிக்கவே மாட்டோம்ல, அதே கதைதான்.

இங்கிலாந்துல பிளைமவுத் நர்சரி கேஸ் 2009ல வந்துச்சு. அங்க வேலை பார்த்த பெண்ணே குழந்தைகளை வன்கொடுமை செஞ்சு மொபைல்ல படம் எடுத்திருக்காங்க. அவங்க பேச்சு சரியில்லன்னு கூட வேலை செஞ்சவங்களுக்கே உறுத்தியிருக்கு, யாரும் தட்டிக் கேக்கல. வேற ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல படங்கள் சிக்கின பிறகுதான் விஷயம் வெளிய வந்துச்சு. எனக்கு இதுல ரொம்ப வலிக்கறது, அந்த குழந்தைகளுக்கு சொல்லத் தெரியுற வயசே இல்ல. பேசத் தெரிஞ்ச குழந்தை சொன்னாலும் டாக்டர், டீச்சர், போலீஸ் எல்லாரும் நம்மள மாதிரி அதே நினைப்போட வளர்ந்தவங்கதானே, "அத்தை பாசமா செஞ்சிருப்பாங்க"ன்னு தள்ளிடறாங்க.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து காக்குற போக்சோ சட்டம் ஆண்கள் மேல மட்டும்தான் பாயும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, பெண்கள் மேலயும் வழக்கு போடலாம்னு 2024ல டெல்லி ஹைகோர்ட்டே தெளிவா சொல்லிருக்கு.