கிராம சபையில் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் இல்லையா?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கழிப்பறைச் சுவர் விரிசல் விட்டுச் சாய்ந்து நிற்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து சொன்னேன், எல்லோரும் ஆமாம் என்றார்கள். அக்டோபர் 2 அன்று கேட்டால், "அப்படி ஒரு தீர்மானமே இல்லையே" என்கிறார் ஊராட்சிச் செயலர். ஆனால் நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் சுவரைப் பார்ப்போம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்துபோனார்கள். அதனால் தீர்மானம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாதபடி அடைக்கச் சொல்லி, இன்றே தலைமை ஆசிரியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இனி கிராம சபை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நீங்கள் அங்கே விருந்தாளி அல்ல. பல ஊர்களில் வருகைக்கு என்று கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானங்களைப் பிறகு சாவகாசமாக எழுதுகிறார்கள். நீங்கள் பேசியது விட்டுப்போகிறது, பேசாதது ஏறிவிடுகிறது. எனவே அடுத்த முறை கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். தீர்மானத்தை எழுதி, எல்லோர் முன்பும் வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்தைக் கடைசி வரிக்கு நேர் கீழே, இடம் விடாமல் போடுங்கள்.

ஆகஸ்ட் 15 கூட்டத்தின் தீர்மான நகலையும் வருகைப் பதிவையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். விட்டுப்போனது உறுதியானால், நகலோடு மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராக இருந்தாலும் இதே வழிதான்.

ஆனால் உங்கள் கையில் இதைவிட வலுவான சட்டம் ஒன்று உண்டு. அது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21-வது பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுதான். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை என்பது சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ள தரம், யாரும் பெரிய மனதோடு செய்து தரும் உபகாரம் அல்ல. குழுவில் நீங்கள் இல்லாவிட்டாலும், உறுப்பினரான தாய் ஒருவரிடம் சொல்லிக் கழிப்பறையைத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். கூடவே 32-வது பிரிவின்கீழ் ஊராட்சி ஒன்றியத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம்.

எதற்கும் அசையவில்லை என்றால், அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்ய உத்தரவிடும்படி கேட்கும் மனு, போடலாம். இன்று வாங்கி வைக்கும் ஒப்புதல் நகல்கள்தான் அப்போது உங்கள் ஆதாரம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டுப் போங்கள்.