மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூணாவது வாரம், அம்மாவுக்கு ராத்திரி வலியில் தூக்கம் இல்லை. என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. வீடு ஏற்காட்டில். சேலத்தில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்து மூணாவது வாரம் ஓடுகிறது. இப்போது அஸ்தம்பட்டியில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறோம். பகலில் வாக்கர் பிடித்து நன்றாக நடக்கிறார். ராத்திரி 1 மணி, 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து அழுகிறார். இது சாதாரணமா? எப்படித் தூங்க வைப்பது? எப்போது மேலே கூட்டிப் போகலாம்?

பதில்:

சாதாரணம்தான் கண்ணு, பயப்பட வேண்டாம். நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற ஆசிரியை. நாகலூர்ப் பக்கம் எங்கள் வீடு. எனக்கும் சேலத்தில்தான் வலது முழங்காலில் செய்தார்கள். கோரிமேட்டில் மகள் வீட்டில் இருந்து தேறினேன். எனக்குச் சொல்லிக் கொடுத்ததையும், அதில் எது உதவியது என்பதையும் எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

இந்த ஆபரேஷனில் தொடை எலும்பின் கீழ் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியையும் சீவி எடுத்து, அவற்றின் மேல் உலோகத்தைப் பொருத்தி, நடுவில் பாலிஎத்திலீன் தட்டு ஒன்றை வைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை முதுகில் போட்ட ஊசி, தொடை நரம்பை மரக்க வைக்கும் ஊசி, டிரிப்பில் ஏறும் மருந்து எல்லாம் சேர்ந்து வலியை அடக்கி வைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவை இல்லை, நடையும் பயிற்சியும் மட்டும் கூடிக்கொண்டே போகும். அதனால் ரெண்டாவது, மூணாவது வாரத்தில் வலி திரும்ப ஏறுகிறது போலத் தோன்றும். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையோ என்று நிறையப் பேர் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

ராத்திரியில் மட்டும் ஏன் இவ்வளவு என்றால், பகல் முழுக்க நடந்ததிலும் உட்கார்ந்ததிலும் சேர்ந்த வீக்கம் அப்போது மூட்டைப் பிடித்து இழுக்கும். வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்க உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசால் நடு ராத்திரியை ஒட்டி ரொம்பக் குறைந்துவிடும். அசையாமல் படுத்திருந்தால் மூட்டும் இறுகும். அப்புறம் மாத்திரை. ராத்திரி 8 மணிக்குச் சாப்பாட்டோடு போட்ட பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம்தான் வேலை செய்யும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அம்மா எழுந்து உட்காருகிற நேரம் சரியாக அங்கேதான் வந்து நிற்கும்.

ஆகவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: ராத்திரி 2 மணிக்கு வலியோடு மல்லுக்கட்டுவதைவிட, சாயங்காலம் 4 மணிக்கே அந்த ராத்திரிக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் மாத்திரை. நம் வீட்டுப் பெண்கள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வார்கள், முடியாமல் போன பிறகுதான் மாத்திரையைத் தொடுவார்கள். "மாத்திரை போட்டே பழகிடும்" என்ற பயம் வேறு. இந்த வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை போட்டால் அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் தூக்கம் முழுதாகக் கலைந்துவிடும். வேளைக்கு இன்ன மாத்திரை என்று எழுதிக் கொடுத்திருந்தால், வலி இல்லாதபோதும் அந்த வேளைக்குப் போட வேண்டும். ராத்திரி மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் படுக்கப்போகும் 10 மணிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு அப்படி மாற்றிய பிறகுதான் விடியற்காலை வரை சேர்ந்தாற்போலத் தூங்க முடிந்தது. மாத்திரையைக் கூட்டவே இல்லை, நேரம்தான் மாறியது.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் டாக்டர்கள் தருவார்கள். அம்மாவுக்கு டிராமடால் என்ற வலுவான வலி மாத்திரை எழுதியிருந்தால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பல மாத்திரைகளில் அதோடு 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் கலந்தே இருக்கும். அது தெரியாமல் மேலே ஒரு டோலோவைப் போட்டால் கணக்கு எகிறிவிடும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்காதீர்கள். சிறுநீரகம், வயிற்றுப்புண், பி.பி. என்று பல இடத்தில் அது கை வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ ஓடிக்கொண்டிருந்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் சேரும்.

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், டாக்டர் பார்த்து எழுதினால் தவிர. டிராமடாலோடு அது சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். ராத்திரி தலைசுற்றலோடு பாத்ரூம் போகும் வழியில் விழுந்தால், புது மூட்டை ஒட்டிய எலும்பு உடைய வாய்ப்பு உண்டு. பக்கத்து வீட்டில் யாராவது "இதில் பாதி போட்டுப் பாருங்க, நல்லாத் தூங்குவீங்க" என்று அன்பாகத்தான் கொடுப்பார்கள். வாங்கி வைக்காதீர்கள்.

அடுத்து, யாரும் கவனிக்காத ஒரு விஷயம்: பார்க்க வருகிறவர்கள். சாயங்காலம் ஆனால் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வருவார்கள். பெரியவர்கள் வரும்போது படுத்துக்கிடப்பது மரியாதை இல்லை என்று அம்மா எழுந்து, சேரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அத்தனை நீரும் முழங்காலுக்கும் பாதத்துக்கும் இறங்கும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. நீங்கள்தான் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்: "அத்தை, அம்மா காலை நீட்டித்தான் இருக்கணும், நீங்க கட்டில் பக்கம் வந்து உட்காருங்க." யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். 4 மணிக்கு மேல் அம்மா மல்லாக்கப் படுத்து, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் தலையணைகளை அடுக்கி அரைமணி நேரம் இருக்கட்டும். படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை.

தலையணை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், இது ரொம்ப முக்கியம். முழங்காலுக்கு நேர் அடியில் தலையணை வைக்கக் கூடாது. வைத்தால் சுகமாக இருக்கும், அதனால்தான் எல்லோரும் வைக்கிறார்கள். ஆனால் ராத்திரி முழுக்க மடங்கியே கிடக்கும் மூட்டு அப்படியே இறுகி, பிறகு கால் முழுதாக நீளாது. கால் நீளாவிட்டால் நடை சாய்ந்துவிடும், எப்போதும் தொடை வலிக்கும். குதிகாலுக்கு அடியில் மட்டும் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து முழங்கால் தானாகக் கீழே இறங்கும்படி கொஞ்ச நேரம் விடுவது நல்லது. ஒருக்களித்துப் படுக்க சர்ஜன் அனுமதித்துவிட்டால், ஆபரேஷன் ஆகாத இடது பக்கம் திரும்பி, ரெண்டு காலுக்கும் நடுவில் தொடையிலிருந்து கணுக்கால் வரை தலையணை வைத்துப் படுக்கலாம். எனக்கு மல்லாக்கப் படுத்துத் தூங்கிப் பழக்கமே கிடையாது. இப்படித் திரும்ப அனுமதி கிடைத்த அன்றுதான் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. கோரைப்பாயில் தரையில் படுத்துப் பழகியவர் என்றாலும் இப்போது கட்டில்தான். அதுவும் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கிற மாதிரிக் கட்டில்.

ஐஸ் விஷயத்தில் வீட்டில் சண்டையே வரும். "பச்சை உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது, வெந்நீர் ஒத்தடம் கொடு, தைலம் போட்டு உருவி விடு" என்பார்கள். இந்த முதல் வாரங்களில் காயத்தின் மேல் சூடும் வேண்டாம், தைலமும் வேண்டாம், உருவுவது கூடவே கூடாது. வீக்கத்தை வாங்குவது குளிர்தான். ஐஸ் கட்டியைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, மெல்லிய துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். காயத்தில் ஈரம் படக் கூடாது. தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப்போயிருக்கும், குளிர் ரொம்ப ஏறினாலும் தெரியாது. அதனால் ஐஸை வைத்தபடி அம்மாவைத் தூங்க விடாதீர்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

பயிற்சியை வலிக்குப் பயந்து குறைக்க வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். முழங்காலை மடக்கும் கடினமான பயிற்சி காலையிலும் பிற்பகல் 4 மணிக்கு முன்னாலும் இருக்கட்டும், மாத்திரை போட்டு அரைமணி, முக்கால்மணி கழித்து. ராத்திரி 7 மணிக்கு மேல் மடக்கி மடக்கிப் பார்த்தால் அது தூங்க விடாது.

மத்தியானத் தூக்கம் அரைமணிக்கு மேல் போக வேண்டாம். ராத்திரி தூங்கவில்லையே, பாவம் என்று விட்டுவிடத் தோன்றும். விட்டால் அன்றைய ராத்திரியும் போகும். காபியும் அப்படித்தான். ஏற்காட்டுக்காரர்களுக்கு மாலைக் காபியை விடச் சொன்னால் மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. ஆனாலும் 3 மணிக்கு மேல் நிறுத்தினேன், பலன் தெரிந்தது. தண்ணீரைப் பகலிலேயே நன்றாகக் குடிக்க வைத்து 7 மணிக்கு மேல் குறையுங்கள், பாத்ரூமுக்கு எழுவது குறையும். டிராமடால் மலச்சிக்கல் உண்டாக்கும். வயிறு கனத்தால் தூக்கம் வராது. கீரை, பப்பாளி, பழம் கொடுங்கள். போதாவிட்டால் டாக்டரிடம் மருந்து கேட்கலாம். சர்க்கரை இருப்பவராக இருந்தால், சேலத்து மாம்பழ சீசனாகவே இருந்தாலும் இந்த ஒரு வருஷம் கையைக் கட்டி வையுங்கள். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, கிருமித் தொற்று வர வாய்ப்பும் கூடும்.

இவ்வளவு செய்தும் நடு ராத்திரியில் எழுந்துவிட்டால், படுத்தபடியே புரள வைக்காதீர்கள். பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டச் சொல்லுங்கள். குதிகாலைக் கட்டிலில் மெதுவாக இழுத்து நீட்டட்டும். பிறகு வாக்கரைப் பிடித்து ஹால் வரை ஒரு நடை போய் வரட்டும். இறுகின மூட்டு அதிலேயே கொஞ்சம் விடும். வந்து ஐஸ் வைத்து, காலை உயர்த்திப் படுக்கட்டும். போனைக் கையில் கொடுக்க வேண்டாம். படுக்கைக்குப் பக்கத்தில் வாக்கர், தண்ணீர், பாத்ரூம் வரை ஒரு சின்ன விளக்கு இருக்கட்டும். வழியில் கால்மிதி எதுவும் வேண்டாம்.

அம்மா "எதுக்குடா இதைச் செஞ்சுக்கிட்டேன்" என்று அழுதால் கூடவே உட்காருங்கள். நானும் அப்படி அழுதிருக்கிறேன். தூக்கம் இல்லாத உடம்புக்கு எல்லாமே இருட்டாகத்தான் தெரியும். ஆறு வாரத்திலிருந்து மூணு மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு ராத்திரிகள் நன்றாகவே மாறிவிடும். முழங்காலில் லேசான சூடும் வீக்கமும் பல மாதம் இருக்கும், நடக்கும்போது 'டக்' என்று சத்தம் வரும், அதற்கெல்லாம் கவலை வேண்டாம். நீங்களும் வீட்டில் இன்னொருவரோடு முறை போட்டுத் தூங்குங்கள். உங்களுக்கும் உடம்பு இருக்கிறது.

காத்திருக்கக் கூடாதவை இவை. கெண்டைக்காலில் புதிதாக வலி, ஒரு காலில் மட்டும் வேகமாக ஏறும் வீக்கம். குளிர்க்காய்ச்சல். காயத்தில் நீர், சீழ், பரவும் சிவப்பு. நேற்று வரை ஊன்றிய காலை இன்றைக்கு ஊன்ற முடியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் 108. கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

மேலே எப்போது போவது என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் ஆறாவது வார ரிவ்யூ முடியும்வரை சேலத்திலேயே இருங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு சாயும்போது காலை ஊன்றிச் சமாளிக்க வேண்டும், அது இப்போது அந்த மூட்டுக்கு ஆகாது. போகும்போது முன் சீட்டை முழுதாகப் பின்னால் தள்ளி, கால் நீட்டி உட்கார வையுங்கள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி இறங்கி நாலு எட்டு நடக்கட்டும். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்கப் பாதத்தை ஆட்டிக்கொண்டே வரட்டும். மேலே ராத்திரிக் குளிரில் மூட்டு இன்னும் கொஞ்சம் இறுகும். இறுக்கமான நீ-கேப் போட்டுத் தூங்க வேண்டாம், தொளதொளவென்று கம்பளித் துணி போதும். வெஸ்டர்ன் டாய்லெட்டும் பிடித்து எழக் கைப்பிடியும் போகுமுன்னே வைத்துவிடுங்கள். அங்கே நினைத்த நேரத்துக்குக் கீழே இறங்கி வர முடியாது என்பதால், ரிவ்யூவிலேயே எந்த மாத்திரையை எப்படிக் குறைத்துக்கொண்டே போவது என்று எழுதி வாங்கி, அத்தனை நாளுக்கும் வேண்டியதைச் சேலத்திலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.