மாரடைப்பு வந்தவருக்கு எதற்குத் தினமும் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்கிறார்கள்? பணம் பிடுங்கவா?

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும், பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போன வருடம் இதையே கேட்டு ஒரு நர்ஸம்மாவிடம் கத்தியவன் நான்.

அம்மாவுக்கு 71 வயது, 42 கிலோ. மாரடைப்பு வந்த அன்று கிரியாட்டினின் 1.1. ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி ஏதும் இல்லை. 'கிட்னி நார்மல்' என்று தம்பிக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டேன். டியூட்டி டாக்டர் செல்போனில் வயதையும் சேர்த்துத் தட்டி, இஜிஎஃப்ஆர் 54 என்று காட்டினார். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு அது; குறையக் குறைய மோசம். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவாம்; சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறுமாம். "அம்மா உடம்புல சதையே இல்லை, அப்புறம் எப்படிங்க ஏறும்? நிஜத்துல 54ஐ விடவும் கம்மியா இருக்கலாம்" என்றார். தசையை அவ்வளவாக நம்பியிராத சிஸ்டாட்டின் சி என்றொரு டெஸ்ட் உண்டு; அங்கே அந்த வசதி இல்லை.

சரி, இதயத்துக்கும் இதற்கும் என்ன? இதயம் தள்ளும் ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் தவிக்கும். ஆஞ்சியோவுக்குப் போடும் மருந்தும் அது வழியாகத்தான் வெளியேற வேண்டும். 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் 0.3 ஏறினாலே சிறுநீரகம் அடி வாங்கியதாகக் கணக்கு. அம்மாவுக்கு இரண்டாம் நாள் 1.5. நான் கத்தினேனே, அதே டெஸ்டில்தான் தெரிந்தது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி அவர் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை விவகாரமும் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. அந்த மாதிரி வலி மாத்திரையும் சிறுநீரகத்தைப் படுத்துமாம்; நிறுத்தினார்கள். ஆறாம் நாள் 1.2.

பயமுறுத்துகிறேன் என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். நான் டாக்டர் இல்லை, பேங்க் கிளார்க். ஆனால் 2004ல் வெளியான வேலியன்ட் ஆய்வில் மாரடைப்போடு இதயமும் பலவீனமான 14,527 பேரைப் பார்த்திருக்கிறார்கள். இஜிஎஃப்ஆர் 81க்குக் கீழே 10 குறையக் குறைய, இறப்போ மறுபடி இதயச் சிக்கலோ வரும் ஆபத்து சுமார் 10 சதவீதம் கூடியது. மாரடைப்பு நோயாளியின் ஆபத்தை எடைபோடும் கிரேஸ் ஸ்கோரிலும் கிரியாட்டினின் இருக்கிறது. அது பில்லுக்காக இட்டுக்கட்டிய ஐட்டம் இல்லை.

பிடுங்கல் வேறு இடத்தில். பைக் பார்க்கிங்குக்கு மணிக்கணக்கில் காசு. லேப் பில்லையோ தெர்மல் பேப்பரில் அடித்துத் தந்தார்கள். இரண்டு மாதம் கழித்து இன்சூரன்ஸில் ஒரிஜினல் கேட்டபோது என் கையில் இருந்தவை வெறும் வெள்ளைச் சீட்டுகள். உங்கள் பில்லை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.