கின்டில் மாற்ற என்னிடம் அனுமதியா?

கேள்வி: என்னிடம் 2018இல் வந்த கின்டில் பேப்பர்வைட் என்ற மின்னூல் வாசிக்கும் சாதனம் இருக்கிறது. இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் புதியதில் திரை பெரிது, மஞ்சள் வெளிச்சம் உண்டு, பக்கமும் வேகமாகப் புரளுமாம். அடுத்த மாதம் துபாயிலிருந்து வரும் மச்சான் வாங்கி வருவதாகச் சொல்கிறார். நூலகம் இணையத்தளத்திலிருந்து பழைய மலையக நூல்களையும் சஞ்சிகைகளையும் இறக்கிப் படிப்பவன் நான். மாற்றலாமா?
- ஆசிரியர் ஒருவர், ஹட்டன்

பதில்: "ஒரு குறையும் இல்லை" என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகும் இத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள் சேர். மனதுக்குள் வாங்கி முடித்தாயிற்று என்று தெரிகிறது. வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கடிதம் எனக்கு வந்திருக்கிறது.

சரி, புதியதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எழுத்தின் தெளிவு இரண்டிலும் ஒன்றுதான்: அங்குலத்துக்கு 300 புள்ளி. தண்ணீர் பட்டால் தாங்கும் வசதி உங்கள் 2018 மாடலிலேயே வந்துவிட்டது. 2024இல் வந்த மாடலில் பக்கம் 25 வீதம் வேகமாகப் புரளும் என்று கம்பெனி சொல்கிறது. ஒரு நொடிகூட எடுக்காத வேலையில் கால்வாசி மிச்சம்! அந்த நேரத்தைச் சேர்த்து வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? மஞ்சள் வெளிச்சம் மட்டும் உண்மையான வசதி, இராத்திரியில் படிப்பவருக்குக் கண்ணுக்கு இதமாக இருக்கும். பழையதில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இனி காசுக் கணக்கு. உங்கள் மாடல் அமெரிக்காவில் 130 டொலருக்கு வந்தது. அப்போது டொலர் நம் காசில் 175 ரூபா அளவில் இருந்தது, ஆக 23,000 ரூபாவுக்குள் முடிந்திருக்கும். புதியது வந்தபோது 160 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 48,000 ஆகிறது. கம்பெனி ஏற்றியது 30 டொலர்தான். மீதியெல்லாம் 2022இல் நம் ரூபா கண்ட வீழ்ச்சி. மச்சான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அப்புறம், சாதனம் பழுதானால் திருப்பிக் கொடுக்க ஹட்டன் டவுனில் யாரிடம் போவீர்கள்?

உங்கள் கடிதத்தில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு, நூலகம் பற்றி எழுதிய வரி. 2005இல் தொடங்கிய அந்தத் தளம் இல்லாவிட்டால் மலையகத்தில் அச்சான எத்தனையோ சிற்றிதழ்கள் இன்று யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள், அதாவது படங்கள். எழுத்தைப் பெரிதாக்கு என்றால் கின்டிலுக்குக் கேட்காது. ஏ4 அளவுச் சஞ்சிகைப் பக்கம் ஒன்று உங்கள் 6 அங்குலத் திரையில் ஏறக்குறைய 40 வீதமாகச் சுருங்கும். புதிய 7 அங்குலத்தில்? 48 வீதம். இரண்டிலும் பாதிகூட இல்லை. உங்களுக்கு உண்மையில் இருக்கும் ஒரே குறை இது, நீங்கள் வாங்க நினைக்கும் சாதனம் அதைத் தீர்க்காது. அதற்கு 10 அங்குலத் திரை வேண்டும். 2022இல் வந்த கின்டில் ஸ்கிரைப் அந்த அளவுதான், ஆனால் அன்றைக்கே விலை 340 டொலர். வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியது இது: பிடிஎஃப் பக்கத்தைக் கிடையாகத் திருப்பிப் படியுங்கள். அதற்கு முன் கம்ப்யூட்டரில் பக்கத்தைச் சுற்றியுள்ள வெற்று ஓரங்களை வெட்டிவிடுங்கள், பழைய சஞ்சிகைகளில் ஓரமே நிறைய இடம் பிடித்திருக்கும். படங்களாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கும் நூல் வேண்டுமென்றால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் என்ற மின்னூல் வடிவிலும், 6 அங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃப் வடிவிலும் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் திரை அளவை மனதில் வைத்து யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள், நீங்களோ அந்தத் திரையைத் தூக்கிப் போடப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று. கின்டிலில் இருக்கும் மின்மை (ஈ-இங்க்) திரைக்குப் பக்கம் மாறும்போதுதான் கரண்ட் வேண்டும், மாறிய பக்கம் அப்படியே நிற்கும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து உங்கள் பக்கம் கரண்ட் போகும் நாட்களில் இந்தப் பழைய சாதனமும் சளைக்காது. வைஃபையை அணைத்து வைத்தால் சார்ஜ் இன்னும் நிற்கும்.

மாற்ற வேண்டிய காலம் வராமல் போகாது. முழுச் சார்ஜ் இரண்டு நாளில் இறங்கினால் முதலில் பற்றரியை மட்டும் மாற்ற முடியுமா என்று நல்ல போன் ரிப்பேர் கடையில் கேளுங்கள். பின்பக்கம் உப்பிவிட்டால் சார்ஜில் போடாதீர்கள், உடனே பாவனையை நிறுத்துங்கள். திரை உடைந்தாலோ, தொட்டால் வேலை செய்யாமல் போனாலோ எனக்கு எழுத வேண்டாம், நேராக மச்சானுக்கே போன் போடுங்கள்.