கரண்டு பைப்பிலேயே நெட்வொர்க் வயரையும் இழுக்கலாமா?

கேள்வி: மன்னார்குடியில் கீழே கிளினிக், மாடியில் வீடு என்று கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் பூச்சு வேலை. இன்டர்நெட், கேமரா வயர்களைக் கரண்டு பைப்பிலேயே இழுத்துவிடலாம், தனிப் பைப் வீண்செலவு என்கிறார் எலக்ட்ரீஷியன். கொல்லைப்புறத்துப் பழைய வீட்டுக்கும் இணைப்பு வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். பூச்சு வேலை இரண்டு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, தனிப் பைப் போட்டுவிடுங்கள். வயரை இழுக்கும்போது மேலுறை எங்காவது உரசிக் கிழிந்தால், 230 வோல்ட் நேராக கம்ப்யூட்டருக்கும் அதைத் தொடுகிறவர் கைக்கும் வந்துவிடும். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தரவில் இரைச்சல் ஏறுவதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். இரண்டு பைப்பும் பக்கத்திலேயே ஓடினால் ஒரு அடி இடைவெளி விடச் சொல்லுங்கள். குறுக்கிட்டால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

அடுத்தது வயர். 'கேட் 6, முழுச் செம்பு' என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேமராவுக்கு மின்சாரமும் இதே நெட்வொர்க் வயரில்தான் போகும். அலுமினிய வயரில் போட்ட கேமரா பகலெல்லாம் நன்றாக ஓடும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிய மின்சாரம் கூடுதலாக வேண்டும். நீண்ட வயரில் அது போய்ச் சேருவதற்குள் வோல்டேஜ் இறங்கி, கேமரா அணைந்து அணைந்து எரியும். திருடன் வருகிற நேரத்தில் படம் இருக்காது.

முனை போடுவதிலும் கவனம் வேண்டும். உள்ளே நான்கு ஜோடி, எட்டுக் கம்பிகள். ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. கும்பகோணத்தில் ஒரு விடுதியில் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. சுவர்ப் பெட்டியைத் திறந்தால், வயரை மடக்கித் திணித்ததில் நீலக் கம்பி ஒன்று முறிந்திருந்தது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், அதற்கு மேலே கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நான்கும் வேண்டும். அதனால் இணைப்பு அறுந்துபோகாமல் வேகம் மட்டும் இறங்கி நின்றது. யாருக்கும் காரணம் பிடிபடவில்லை.

ஒவ்வொரு அறையிலிருந்தும் தனி வயர், நடுவில் ஒட்டு இல்லாமல், ஒரே பெட்டிக்கு வரட்டும். சுவருக்குள் 90 மீட்டர், இருபுறமும் செருகும் துண்டு வயர்களோடு 100 மீட்டர்தான் எல்லை. உங்கள் கட்டடத்துக்கு அது தாராளம்.

கொல்லைப்புறத்து வீட்டுக்குச் செம்பு வயரே வேண்டாம், ஃபைபர் (கண்ணாடி இழை வயர்) போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு கட்டடத்தைச் செம்பால் இணைத்தால் மின்னலின் அதிர்ச்சி அதன் வழியே இரண்டு பக்கக் கருவிகளையும் எரித்துவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உலோக உறை இல்லாத ஃபைபராகப் பார்த்து, கனமான பிளாஸ்டிக் பைப்பில் இறக்குங்கள். களிமண் ஈரத்தையும் பெருச்சாளியையும் அதுதான் தாங்கும். பைப்பின் இரண்டு வாயையும் அடைத்துவிடுங்கள்.

அப்புறம், பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயரின் இரு முனையிலும் ஒரே எண் ஒட்டட்டும். நெட்வொர்க் வயர் டெஸ்டர் வைத்து எட்டுக் கம்பியும் உங்கள் கண்முன் சரியாக வந்த பிறகு கூலியைக் கொடுங்கள்.