பால் பல் ஃபில்லிங் நாலு மாதத்தில் கழன்றதற்கு

ஆறு வயதுப் பையனின் கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் அடைத்தது நாலே மாதத்தில் விழுந்துவிட்டது, டாக்டர் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு என்று உடனே சொல்லிவிட முடியாது. அடைக்கும்போது எச்சிலை எப்படித் தடுத்தார்கள் என்று கேளுங்கள். நீல விளக்கு காட்டி இறுக்கும் காம்போசிட் என்றால், பசை தடவிய இடத்தில் எச்சில் பட்டாலே பிடிப்பு கெட்டுவிடும். பஞ்சுச் சுருள் சீக்கிரம் ஊறிவிடும், அதிலும் பையன் நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ரப்பர் டேம் என்பது மெல்லிய ரப்பர் விரிப்பு, ஓட்டை வழியாக அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும். அதைப் போட்டுச் செய்தால் ஆறு மாதம் கழித்தும் ஃபில்லிங் நிற்க வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன, ஆதாரம் அவ்வளவு பலமில்லை என்றாலும். அந்த விரிப்பைப் பல்லில் பிடித்து நிறுத்தும் கவ்வி ஈறில் அழுத்தும், அதனால் மரத்துப்போகும் ஊசி தேவைப்படலாம். அதைப் பல்லுக்கு மழைக்கோட்டு என்று சொன்னதும்தான் என் மகள் வாயையே திறந்தாள்!

பையன் ஒத்துழைக்கவே மாட்டான் என்றால் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற அடைக்கும் பொருள் பற்றிக் கேளுங்கள். சொத்தை இரண்டு பல்லுக்கு நடுவில் என்றால் பல்லையே மூடும் ஸ்டீல் கேப் இன்னும் நல்லது. அந்தப் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும், அப்படியே விட்டுவிடாதீர்கள்.